பாட்டி வீட்டு வாசல்ல மகன் திருநீற அழிச்சிக்கிறான், என்னா செய்யறதுன்னு தெரியல

பதிவு: பீடோர் அம்மா

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போற ஆளு, எழுதனது இல்ல. இப்ப மனசு தாங்கல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சிக்கங்க.

நான் மலேசியாவுல பேராக் மாநிலத்துல பீடோர் பக்கத்துல தோட்டத்துல பொறந்து வளந்தவ. அப்பா செம்பனைல (எண்ணெ பனைல) குலை வெட்டுனாரு, அம்மா முன்ன பால்மரம் சீவுனாங்க. வீட்டுக்காரரு சீனரு, காண்டனீஸ் பேசற குடும்பம், டவுன்ல மோட்டோ ரிப்பேர் கடை. கல்யாணம் ஆகி 8 வருஷம், மொத நாள் அவங்க வீட்ல டீ குடுக்கற சடங்கு, மறுநாள் எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி. மகனுக்கு 6 வயசு ஆகுது, மகளுக்கு 2. நான் கிளினிக்ல வேலை, அதனால தாடிக்கா (பாலர் பள்ளி) முடிஞ்சதும் மாமியார் தான் மகன கூட்டிட்டு போய் சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கறாங்க. நல்லவங்க. எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் இஞ்சி, நல்லெண்ணெ, கோழின்னு 30 நாளு சமைச்சி போட்டாங்க, எங்கம்மா பத்திய கொழம்பு கொண்டு வந்தா அதையும் வாங்கி அடுப்புல சூடு பண்ணி குடுப்பாங்க. அவங்கள குத்தம் சொல்ல நான் வரல.

போன ஞாயிறு தோட்டத்துல அம்மா வீட்டுக்கு போய் பசியாறிட்டு கோயிலுக்கு போனோம். அர்ச்சன முடிஞ்சி மகனுக்கு அம்மாவே திருநீறு பூசி விட்டாங்க, அவனும் கண்ண மூடிக்கிட்டு நல்லா காட்டுனான். அப்படியே காடியில (கார்ல) மாமியார் வீட்டுக்கு வந்தோம். காடிய நிறுத்துனதும் கண்ணாடியில பாக்கறேன், பின்னாடி ஒக்காந்திருக்க பையன் கட்டவெரல நக்கி நெத்திய தொடைக்கிறான், ஜன்னல் கண்ணாடியில மொகத்த பார்த்து இன்னும் கொஞ்சம் இருக்கான்னு பார்த்து மறுபடி தொடைச்சிட்டு அப்பறம் தான் கதவ தெறக்கறான். ஏன்டா அழிக்கறன்னு கேட்டேன். "மா மா வீட்டுக்கு இப்பிடி போக கூடாது"ன்னான். யாரு சொன்னான்னு கேட்டா "யாரும் சொல்லல"ன்றான். அவன் தொடைச்ச விதத்த பார்த்தா இது மொத தடவ இல்லன்னு தெரிஞ்சி போச்சி. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல.

மா மான்னா காண்டனீஸ்ல அப்பாவோட அம்மா. எங்க வீட்ல மாமான்னா என் அண்ணன். சின்னதுல ரெண்டையும் போட்டு கொழப்பிக்குவான், இப்ப சரியா இழுக்க வேண்டிய எடத்துல இழுத்து சொல்றான், கேக்க ஆசையா இருக்கும்.

சண்டை வராம இல்ல. 2023-ல பிப்ரவரி 5, தைப்பூசமும் சாப் கோ மேயும் (சீனப் பெருநாளோட 15-ஆம் நாளு) ஒரே நாள்ல வந்துச்சி. மகனுக்கு ஈப்போ கல்லுமலைல முடி எறக்கறதா எங்கம்மா வேண்டியிருந்தாங்க. மாமியார் ஒரே புடியா வேணாம்னுட்டாங்க, சீனப் பெருநாளு 15 நாளும் முடியாம முடிய எடுக்க கூடாது, அவங்க பாஷைல முடிக்கும் செல்வம் பெருகறதுக்கும் சொல்ற வார்த்த ஒரே மாதிரி, ஃபாட்னு, முடிய வெட்டுனா வர்ற காச வெட்டுன மாதிரியாம். எங்கம்மாவுக்கு இது எப்படி புரியும், சாமிகிட்ட சொன்ன நாள மாத்தலாமான்னு அழுவறாங்க. கடசில தைப்பூசத்துக்கு போய் சாமி மட்டும் கும்புட்டுட்டு, அடுத்த வெள்ளிக்கிழம திரும்பவும் போய் மொட்ட போட்டோம், மாமியாரும் கூட வந்து பையன மடியில வச்சிருந்தாங்க. அந்த மாதிரி பேசி பேசி சமாளிச்சிட்டு தான் வரோம்.

இப்ப ஸ்கூல் வந்து நிக்குது. மாமனாரு சீனப்பள்ளின்னு முடிவே பண்ணிட்டாரு, பேரன் அவரு குடும்பப் பேர சுமக்கறவன். எங்கம்மா "பேரனுக்கு தமிழ் வராட்டி நான் செத்தா கருமாதி பத்திரிகைய கூட படிக்க மாட்டான்"னு சொல்லிட்டாங்க, அந்த வார்த்த இன்னும் நெஞ்சுல நிக்குது. வீட்டுக்காரரு "உன் இஷ்டம்"ன்றாரு, அது எனக்கு ஒதவியா இல்ல. பையனுக்கு நான் தமிழ்ல பேசுனா புரியும், ஆனா பதில் காண்டனீஸ்ல இல்ல மலாய்ல தான் வருது.

ஸ்கூல விட எனக்கு அந்த நெத்தி தான் பயமா இருக்கு. 6 வயசுலயே அம்மா வீட்டு அடையாளம் ஒன்ன மறைக்கணும்னு அவனுக்கு எப்படி தோணுச்சி? இத பத்தி அவன்கிட்ட பேசறதா, மாமியார்கிட்ட பேசறதா, இல்ல பேசாம விட்டா தானா சரியாயிடுமா? கலப்பு கல்யாணம் பண்ணி பிள்ள வளத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

—

பதில்: நேர்வழி

தங்கச்சி கோவிச்சிக்காதீங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு அடையாளம் போதும். ரெண்டு சாமி, ரெண்டு பெருநாளு, மூணு பாஷைன்னு போட்டு ஏத்துனா பிள்ள எதுலயும் ஒட்டாது. அப்பா சீனரு, பேரு சீனப் பேரு, அப்ப அந்தப் பக்கமே வளத்திடுங்க, இல்லன்னா உறுதியா தமிழ்ப் பிள்ளையா வளங்க. நடுவுல நிக்க வைக்காதீங்க, அது தான் பாவம்.

—

பதில்: லயத்துப் பேத்தி

அக்கா, நான் சுங்கை சிப்புட். மேல எழுதனவரு சொல்ற மாதிரி "ஒரே பக்கம்" வளந்த ஒருத்தவங்கள நான் கிட்ட இருந்து பார்த்திருக்கேன், அதனால சொல்றேன்.

எங்க பாட்டி, அம்மாவ பெத்தவங்க, பொறப்புல சீனத்தி. 1942-ல ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவங்க. அப்ப சீனக் குடும்பங்க பயத்துலயும் பஞ்சத்துலயும் பொம்பள பிள்ளைங்கள தோட்டத்து தமிழங்க கிட்ட குடுத்திட்டு போனாங்கன்னு உங்க ஊரு பெரியவங்களும் சொல்லியிருப்பாங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கூட குடுத்திருக்காங்க, பொட்டப் பிள்ள பாரம்னு, இல்ல சீனரு கணக்குல புலி வருஷத்துல பொறந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு. பாட்டிய வளத்த தாத்தாவ ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட புடிச்சிட்டு போய் திரும்பி வரல, வளத்த ஆயா ஒத்த ஆளா பால்மரம் சீவி பாட்டிய ஆளாக்குனாங்க. காது குத்தி, மூக்கு குத்தி, கண்டாங்கி சேல கட்டி, தீமிதி எறங்கி, லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீடுங்கள்ல, பாட்டிய மாதிரி ஒப்பாரி வைக்க ஆளில்ல. ஒரு வார்த்த சீனம் தெரியாது.

ஆனா லயத்துல கடசி வரைக்கும் அவங்க பேரு "சீனத்தி" தான் அக்கா. வெறுப்பா சொல்ல மாட்டாங்க, பாசமா தான் கூப்டுவாங்க, இருந்தாலும் அது தான் பேரு. பாசாருக்கு (சந்தைக்கு) போனா சீனத்து மீன் கடக்காரங்க பாட்டி மொகத்த பார்த்து அவங்க பாஷைல பேசுவாங்க, பாட்டி பதில் சொல்ல தெரியாம மலாய்ல "தாக் தாவு", தெரியாதுன்னு சொல்லிட்டு, மீன் வாங்குனதுக்கு அப்பறமும் கொஞ்ச நேரம் அங்கயே நிப்பாங்க. சின்ன வயசுல நான் எதுக்கு பாட்டி நிக்கறீங்கன்னு கைய புடிச்சி இழுப்பேன். இப்ப நெனச்சா அழுகையா வருது.

தீபாவளிக்கு மொத நாளு படையல் போடுவோம்ல, செத்தவங்களுக்கு புடிச்சது எல்லாம் வச்சி. பாட்டி எல்லா எலையும் போட்டு முடிச்சிட்டு ஓரமா ஒரு சின்ன எல போடுவாங்க, சோறும் ஒரு மீன் துண்டும். யாருக்குன்னு கேட்டா பெத்தவளுக்குன்னு சொல்லுவாங்க. பேரும் தெரியாது, உயிரோட இருந்தாங்களான்னும் தெரியாது. யாரும் அவங்களுக்கு சொல்லி குடுக்கல, மனசு தானா தேடுது. ஒரு பக்கத்த மூடிட்டா பிள்ள நிம்மதியா இருக்கும்னு சொல்றத நான் நம்ப மாட்டேன்.

உங்க மாமியார படையலுக்கு கூப்டுருக்கீங்களா? இல்லன்னா இந்த வருஷம் கூப்டுங்க. அவங்க சிங் மிங்குக்கு கல்லறைக்கு போய் செத்தவங்களுக்கு புடிச்ச கோழி, பழம், டீ, சிகரெட் எல்லாம் வைக்கறாங்க, நாம தாத்தா போட்டோ முன்னாடி பீர் போத்தல தெறந்து வைக்கறோம். அத பார்த்தா நீங்க ஒரு வார்த்த வெளக்க வேணாம். பிள்ளய ரெண்டுலயும் கூட வச்சிக்கங்க, அவன் கையாலயே எல போட சொல்லுங்க.

—

பதில்: குளுவாங் கிராணி

எங்க வீட்டு கதைய சொல்றேன், எங்க தப்ப பார்த்து நீங்க சுதாரிச்சிக்கங்க.

நான் தோட்டத்து ஆபிஸ்ல கிராணி, அதான் கிளார்க். மனைவி சபா, தம்புனான், டூசுன் இனம், கத்தோலிக்கம். பிள்ளைங்க 14, 11. கல்யாணத்துக்கு முன்னாடியே சாமி விஷயம் பேசி முடிச்சிட்டோம், ஞாயிறு சர்ச், வெள்ளி கோயில், மே 30, 31 காமத்தான் அறுவடைத் திருவிழாவுக்கு முடிஞ்ச வருஷம் டிக்கெட் போட்டு போறது, தீபாவளிக்கு அவங்க வீட்டு ஆளுங்க இங்க வருவாங்க. சாப்பாட்டுல பிரச்சனயே இல்ல, மாமியார் பச்ச மீன எலுமிச்ச புழிஞ்சி ஹினாவா செஞ்சி குடுத்தா எங்க அப்பா ரெண்டாம் தடவ கேட்டு வாங்கி சாப்பிடுவாரு. எல்லாம் நல்லா போகுதுன்னு தான் நெனச்சோம்.

பாஷைய மட்டும் நாங்க பேசவே இல்ல. எனக்கு டூசுன் தெரியாது, அவங்களுக்கு தமிழ் தெரியாது, ரெண்டு பேருக்கும் பொதுவா மலாய். புருஷன் பொண்டாட்டி மலாய்ல பேசுனா பிள்ளைங்களும் மலாய்ல தான் பேசும். ரெண்டு பேரும் விட்டு குடுத்தோம்னு நெனச்சிக்கிட்டோம், யாரு கிட்ட விட்டு குடுத்தோம்? என் மகளுக்கு எங்க அம்மாகிட்ட பேச நான் நடுவுல நிக்கணும், தம்புனான்ல அவங்க பாட்டிகிட்ட பேச என் மனைவி நடுவுல நிக்கணும். ரெண்டு பாட்டியும் பேத்திய தலைய தடவி சிரிக்கிறாங்க, அவ்ளோ தான் பேச்சு. எங்க அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க கடசியா ஆஸ்பத்திரியில மக கைய புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் என்னமோ சொன்னாங்க, மக தலைய ஆட்டிக்கிட்டே இருந்துச்சி, வெளிய வந்து "பாட்டி என்னா சொன்னாங்கப்பா"ன்னு கேட்டுச்சி. நான் அப்ப மருந்து வாங்க போயிருந்தேன்.

இப்ப சின்னவன மோட்டோல ஸ்கூலுக்கு ஏத்திட்டு போறப்ப 20 நிமிஷம் தமிழ் மட்டும் தான். அவன் மலாய்ல கேட்டாலும் நான் தமிழ்ல தான் பதில். மொத மாசம் மூஞ்ச தூக்கிட்டு வந்தான், இப்ப அவனே "அப்பா அந்த நாய் படுத்திருக்கு பாருங்க"ன்றான். லேட்டு தான், ஆனா வருது. உங்க பையனுக்கு 6 வயசு தான். அவன் காண்டனீஸ்ல பதில் சொன்னாலும் நீங்க தமிழ விடாதீங்க. உங்க வீட்ல தமிழுக்கு ஆளுன்னு நீங்க ஒருத்தவங்க தான், வீட்டுக்காரரு செய்வாரு, ஸ்கூல் செய்யும்னு காத்திருந்தா வண்டி போயிடும்.

—

பதில்: ஜம்பு தோட்டம்

அக்கா நானும் பீடோர் தான், 24 வயசு, அப்பா தமிழு, அம்மா சீனம். உங்க மகன் மாதிரி நானும் இருந்தேன், அதனால அந்த நெத்தி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன்.

நான் அழிக்கல, கயிறு. கோயில்ல கட்டுன கருப்பு கயிற போ போ (அம்மாவோட அம்மா) வீட்டுக்கு போறப்ப சட்டைக்குள்ள தள்ளிக்குவேன், அதே மாதிரி போ போ சாமிகிட்ட வாங்கிட்டு வந்து கழுத்துல போட்ட செவப்பு தாயத்த ஆயா வீட்ல கழட்டி பாக்கெட்டுல வச்சிக்குவேன். எனக்கு வெக்கம் இல்ல அக்கா. யாரையும் வெறுக்கல. ஒரு தடவ போ போ அந்த கயிற பார்த்தப்ப மொகம் ஒரு மாதிரி ஆச்சி, ஒன்னும் சொல்லல, அவ்ளோ தான். சின்ன பிள்ளைங்க பெரியவங்க வாய பாக்காது, மொகத்த பாக்கும். ரெண்டு பக்கமும் எனக்கு வேணும், யாருக்கும் வருத்தம் வரக் கூடாது, அதுக்கு 6 வயசு மூளைக்கு தெரிஞ்ச வழி மறைக்கறது. உங்க மகன் உங்கள மறைக்கல. எல்லாரையும் சந்தோஷமா வச்சிக்க பாக்கறான், அந்த வேலைய அவன்கிட்ட இருந்து நீங்க பெரியவங்க எடுத்துக்கணும்.

எங்க அப்பா என்னா செஞ்சாருன்னா எனக்கு 9 வயசுல இத கண்டுபுடிச்சி ஒரு வார்த்த திட்டாம அவரே போ போகிட்ட என் கழுத்த காட்டி, இது எங்க அம்மா கட்டுனது, நீங்க குடுத்ததும் பக்கத்துலயே இருக்கும்னு மலாய்ல சொன்னாரு. போ போ என் கழுத்துல ரெண்டையும் சேத்து சரி பண்ணி விட்டாங்க. அப்பறம் நான் மறைக்கல.

நேர்வழி அண்ணே, நடுவுல நிக்கறது பாவம்னு சொன்னீங்க. ஃபாரத்துல இனம்னு வர்ற எடத்துல பேனா நிக்கும், உண்ம தான். பாசார்ல ஆண்ட்டிங்க எனக்கு புரியாதுன்னு நெனச்சி காண்டனீஸ்ல என் நெறத்த பத்தி பேசியிருக்காங்க, தமிழ்க் கடையில "இது யாரு வீட்டு சீனப் பையன்"னு கேட்டிருக்காங்க, வலிக்கும். ஆனா எங்க வீட்டுக்குள்ள யாரும் என்ன ஒரு பக்கம் வான்னு சொன்னதில்ல, அதனால வெளிய யாரு சொன்னாலும் தாங்கிக்கிட்டேன்.

இன்னொன்னு அக்கா. தமிழும் காண்டனீஸும் சொந்தத்துல ஒரே மாதிரி, அத மகனுக்கு காட்டுங்க. அப்பாவுக்கு மூத்தவரு பாக் பாக், நமக்கு பெரியப்பா. இளையவரு சுக் சுக், நமக்கு சித்தப்பா. அம்மாவோட அண்ணன் தம்பி காவ் ஃபூ, நமக்கு மாமா. இங்கிலீஷ்ல எல்லாருமே அங்கிள், மலாய்ல பாக்சிக். நான் சின்னதுல ரெண்டு பக்கமும் யாரு யாருன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், இன்னும் இருக்கு.

—

பதில்: தாப்பா டீச்சர்

அம்மா வணக்கம். 26 வருஷம் தமிழ்ப்பள்ளியில இருந்தவ, அதனால என் மனசு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும், அத வெளிப்படையா சொல்லிட்டு பேசறேன்.

1816-ல பினாங்குல ஆரம்பிச்ச தமிழ்க் கல்வி, இன்னிக்கி நாட்டுல 500-க்கு மேல தமிழ்ப்பள்ளிங்க, அதுல நெறைய தோட்டத்துல இருக்கு, 150 பிள்ளைங்களுக்கு கொறஞ்ச பள்ளி ஏராளம். உங்க மகன் மாதிரி ஒரு பிள்ள வந்தா எங்களுக்கு சந்தோஷம். ஆனா பள்ளிய காப்பாத்தறதுக்காக உங்க வீட்ட ரெண்டாக்கிக்க சொல்ல மாட்டேன்.

ஒன்னு கவனிக்கணும். சீனப்பள்ளியில சொல்லி குடுக்கறது மாண்டரின், உங்க மாமியார் பேசறது காண்டனீஸ். அதனால "சீனப்பள்ளிக்கு போனா தான் பாட்டி பாஷ வரும்"னு மாமனாரு சொன்னா அது அப்படி இல்ல, காண்டனீஸ் மா மா மடியில தான் வரும், அது ஏற்கனவே வந்துடுச்சி. அதே மாதிரி தமிழும் ஸ்கூல்னால மட்டும் வராது, ஆனா எழுத்துக்கு ஒரு எடம் வேணும், வீட்ல அம்மாமாரு தொடங்கி வச்சி வேல அலுப்புல விட்டுடுறத நான் நெறைய பார்த்துட்டேன். சீனப்பள்ளின்னு முடிவானா வாரத்துல ரெண்டு நாளாவது எழுத்துக்குன்னு ஒதுக்கியே ஆகணும். தேசியப்பள்ளின்னா, அதான் மலாய்ல நடத்தற பள்ளின்னா, 15 பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா தமிழயும் சீனத்தையும் பாடமா நடத்த 1996 கல்விச் சட்டத்துல எடம் இருக்கு, ஆனா வாத்தியார் கெடைக்கறது தான் பாடு.

நான் ஓய்வுக்கு அப்பறம் சனிக்கிழம கோயில் மண்டபத்துல எழுத்து வகுப்பு எடுக்கறேன், காசு கெடையாது. தாப்பா உங்களுக்கு தூரம் இல்ல. ஸ்கூல் முடிவு எதுவா இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. முடிஞ்சா அவங்க அப்பாவையும் ஒக்கார சொல்லுங்க, பிள்ள கூட அப்பாவும் அ, ஆ எழுதுனா அந்த பிள்ள தமிழ கொறவா நெனைக்காது.

—

பதில்: பீடோர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. கிராணி அண்ணே, உங்க அம்மா விஷயத்த படிச்சிட்டு கிளினிக் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். ஜம்பு தோட்டம் தம்பி, நீ எழுதனத வீட்டுக்காரருக்கு மலாய்ல படிச்சி காட்டுனேன். ரொம்ப நேரம் பேசல, அப்பறம் "நான் உன் இஷ்டம்னு சொன்னது தப்பு"ன்னாரு. அவரே அவங்க அம்மாகிட்ட கேட்டாரு, நான் பக்கத்துல தான் இருந்தேன்.

மாமியாருக்கு மொதல்ல ஒன்னுமே ஞாபகம் வரல. அப்பறம் தான் சொன்னாங்க, ரொம்ப நாளைக்கி முன்னாடி ஒரு மத்தியானம் பையனுக்கு வேர்த்து திருநீறு கரைஞ்சி கண்ணுல எறங்கி எரியுதுன்னு கத்துனப்ப, ஈரத் துண்டால மொகத்த அழுத்தி தொடைச்சி "இதெல்லாம் எதுக்கு"ன்னு ஏதோ சலிச்சிக்கிட்டாங்களாம். அவ்ளோ தான். அது அவனுக்குள்ள ஒக்காந்திருக்கு. மாமியார் வருத்தப்பட்டாங்க, எங்க சீனக் கோயில்லயும் ஊதுவத்தி சாம்பல பிள்ளைக்கு வைக்கறது தானே, நான் ஏன் வேணாம்னு சொல்லப் போறேன்னு கேட்டாங்க. ஆனா "நீயும் என்கிட்ட ஒரு தடவ கூட இது என்னா ஏதுன்னு சொன்னதில்லயே"ன்னும் கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. 8 வருஷமா அவங்களுக்கு புடிக்குமோ புடிக்காதோன்னு நானே ஊகிச்சிக்கிட்டு பூஜ சாமான அலமாரிக்குள்ள வச்சி கதவ சாத்தியே வச்சிருக்கேன். மகன் யார பார்த்து கத்துக்கிட்டான்னு இப்ப எனக்கு புரியுது.

மாமனாரு ஸ்கூல் விஷயத்துல எறங்கி வரல. மாண்டரின் காண்டனீஸ் வித்தியாசத்த சொன்னதுக்கு கோவப்பட்டு கடைக்கு போயிட்டாரு. அவரோட அந்த பயமும் எனக்கு புரியுது, ஒரே பேரன். சீனப்பள்ளின்னே முடியலாம், இன்னும் தெரியல, எங்கம்மாகிட்ட எப்படி சொல்லப் போறேன்னும் தெரியல.

மகன்கிட்ட நான் ஒன்னும் பெருசா பேசல. நேத்து வெள்ளிக்கிழம காலைல அலமாரிய தெறந்து வெளிச்சத்துல வச்சேன், அவன் நெத்தில வச்சேன், மகளுக்கு வச்சேன், வீட்டுக்காரரும் வந்து குனிஞ்சாரு. தாடிக்காவுல இருந்து மா மா வீட்டுக்கு போறப்ப அழிச்சானா இல்லயான்னு எனக்கு தெரியாது, சாயங்காலம் நான் போறப்ப குளிச்சி பவுடர் போட்டு ஒக்காந்திருந்தான், கேக்கவும் இல்ல.

டீச்சர், சனிக்கிழம எத்தன மணிக்கி வரணும்? அப்பாவும் மகனும் ரெண்டு பேரும் வராங்க, நோட்டு என்னா மாதிரி வாங்கணும்னும் சொல்லுங்க, கட்டம் போட்டதா கோடு போட்டதா?